எஸ்.யூ. கார்புரேட்டரில் பெட்ரோல் கசிவு

எஸ்.யூ. கார்புரேட்டரில் பெட்ரோல் கசிவு என்பது, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரித்தானியக் கார்களில் பொருத்தப்பட்டு வந்த எஸ்.யூ. வகைக் கார்புரேட்டர்களில் அடிக்கடி காணப்படும் ஒரு பழுது ஆகும். மொரிஸ் மைனர், மினி, எம்.ஜி.பி. முதலிய கார்களிலும், மொரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழிவந்த இந்திய அம்பாசடரின் பழைய படிவங்களிலும் இவ்வகைக் கார்புரேட்டர் பயன்பட்டது. இவற்றுட் பல இன்றும் பழங்கார் ஆர்வலர்களால் ஓட்டப்பட்டு வருவதால், இப்பழுதும் அதைக் கண்டறியும் முறைகளும் வழக்கொழியவில்லை.

கசிவு ஒரே பழுது போலத் தோன்றினாலும் அதற்கான காரணங்கள் பலவாகும். ஈரம் தென்படும் இடமும் பழுதுபட்ட உறுப்பு இருக்கும் இடமும் பல வேளைகளில் வேறுபடுகின்றன. கார்புரேட்டரின் அடிப்பகுதியில் சொட்டும் பெட்ரோலுக்குக் காரணம் மேல்மூடியினுள் இருக்கும் ஒரு சிறு வால்வாக இருக்கலாம். இதனால், கண்ணுக்குத் தெரிந்த வாஷரை மாற்றியும் கசிவு நிற்காமல் போவது பழங்கார் பட்டறைகளில் வழக்கமான அனுபவம் ஆகும். எங்கே கசிகின்றது என்பதோடு எப்போது கசிகின்றது என்பதையும் கவனித்தால் காரணத்தைப் பெரும்பாலும் பிரித்து அறியலாம்.

கசிவின் அபாயம்

பெட்ரோல் கசிவு எரிபொருள் வீணாவதோடு முடிவதில்லை. பெட்ரோலின் தீப்பற்றுநிலை ஏறத்தாழ -40 பாகை செல்சியஸ் ஆகும். அதாவது, மிகக் குளிர்ந்த நாட்டிலும் திறந்த பெட்ரோலின் மேல் தீப்பொறி பட்டால் பற்றக்கூடிய அளவு ஆவி எப்போதும் இருக்கும். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. ஆகவே அது எஞ்சின் அறையின் கீழ்ப்பகுதியிலும் வண்டி நிறுத்துமிடத்தின் தரையிலும் தங்கும்.

மொரிஸ் மைனர், மினி ஆகியவற்றின் ஏ வரிசை எஞ்சினிலும் எம்.ஜி.பி., அம்பாசடர் ஆகியவற்றின் பி வரிசை எஞ்சினிலும் இந்த அபாயம் கூடுதலாகும். இவ்விரு எஞ்சின்களிலும் எரிகலவை உள்ளே செல்லும் வழிகளும் எரிந்த புகை வெளியேறும் வழிகளும் சிலிண்டர் தலையின் ஒரே பக்கத்தில் அமைந்துள்ளன. எனவே கார்புரேட்டர், சூடேறிய புகைக்குழாய்த் தொகுதிக்கு நேர் மேலே அல்லது மிக அருகில் இருக்கின்றது. சொட்டும் பெட்ரோல் விழக்கூடிய இடம் எஞ்சினிலேயே மிகச் சூடான இடம் என்பதால், 'சிறிய ஒழுக்குதான்' என்று தள்ளிப்போடத்தக்க பழுது அல்ல இது.

வெளியே தெரியாத கசிவு மற்றொரு வகையில் கேடு செய்யும். மிகுதியான பெட்ரோல் ஜெட் வழியாகக் கார்புரேட்டரின் தொண்டைக்குள் வழிந்தால் அது சிலிண்டர்களுக்குள் சென்று, சுவர்களில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில் சேரும். எண்ணெய் நீர்த்துப்போய் பேரிங்குகள் தேயும். எண்ணெய் அளவுக்கோலை உருவிப் பார்க்கும்போது எண்ணெய் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருப்பதும், அதில் பெட்ரோல் வாடை வீசுவதும் இதற்கான அடையாளங்கள் ஆகும். அவ்வாறு இருப்பின் கசிவை நிறுத்துவதுடன் எண்ணெயையும் மாற்றிய பின்னரே எஞ்சினை இயக்க வேண்டும்.

பெயரும் அமைப்பும்

எஸ்.யூ. என்பது 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம். காலணி வணிகக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் இதனை உருவாக்கி 1905 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவரும் அவரது சகோதரர் தாமஸ் கார்லைல் ஸ்கின்னரும் இணைந்து 1910 இல் நிறுவனத்தைத் தொடங்கினர். தொடக்ககாலக் கார்புரேட்டர்களில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோலால் ஆன துருத்தி ஒன்று இருந்தது. காலணிக் குடும்பத்தாருக்குத் தோல் புதிதல்ல. 1926 இல் இந்நிறுவனத்தை வில்லியம் மொரிஸ் வாங்கினார். மொரிஸ் குழுமத்தின் கார்களில் இக்கார்புரேட்டர் பரவலாக இடம்பெற்றமைக்கு இது முக்கிய காரணம் ஆகும்.

இதன் செயற்பாடு பிற கார்புரேட்டர்களினின்றும் வேறுபட்டது. பெரும்பாலான கார்புரேட்டர்களில் காற்று செல்லும் தொண்டையின் அகலம் மாறாதது. எஸ்.யூ. வகையில், எஞ்சின் உறிஞ்சும் காற்றின் அளவுக்கேற்ப ஒரு பிஸ்டன் மேலேறி இறங்கித் தொண்டையைத் திறந்து சுருக்குகின்றது. அந்தப் பிஸ்டனின் அடியில் கூம்பு வடிவ அளவூசி ஒன்று தொங்குகின்றது. அளவூசி ஜெட் எனப்படும் சிறு குழாயின் வாய்க்குள் நுழைந்திருக்கும். பிஸ்டன் உயரும்போது அளவூசியின் மெலிந்த பகுதி ஜெட்டின் வாய்க்கு வருவதால் பெட்ரோல் செல்லும் வழி அகலமாகின்றது. அகல-ஒடுக்கத்துக்கு ஒரே ஜெட், ஒரே ஊசி என்ற எளிமையே இதன் சிறப்பு.

கசிவைப் புரிந்துகொள்வதற்கு இதைவிட முக்கியமானது மிதவைக் கலம் ஆகும். கார்புரேட்டரின் பக்கத்தில் கிண்ணம் போல் இருக்கும் இக்கலத்தினுள் ஒரு மிதவை உள்ளது. பெட்ரோல் மட்டம் உயர, மிதவையும் உயர்ந்து, மூடியில் உள்ள ஊசி வால்வை அதன் அமர்விடத்தில் அழுத்தி மூடுகின்றது. மட்டம் இறங்கினால் வால்வு திறக்கின்றது. வீட்டின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் உள்ள பந்துக் குழாயின் தத்துவமே இதுவும். கலமும் ஜெட்டும் ஒரு வழியால் இணைக்கப்பட்டிருப்பதால், கலத்தில் உள்ள மட்டமே ஜெட்டிலும் நிற்கும். அம்மட்டம் ஜெட்டின் வாய்க்குச் சில மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். கலத்தில் மட்டம் கூடினால் பெட்ரோல் ஜெட்டின் வாயிலிருந்து தானாகவே வழியத் தொடங்கும். மேலே சொன்ன அளவூசியும் இந்த ஊசி வால்வும் வெவ்வேறு உறுப்புகள். பட்டறைகளில் இரண்டையும் 'நீடில்' என்றே குறிப்பிடுவதால் புதியவர்களுக்குக் குழப்பம் நேர்வதுண்டு.

கசிவு நிகழும் வேளை

சோதனைக்கு முன்னர் எஞ்சின் நன்கு குளிர்ந்திருக்க வேண்டும். கார்புரேட்டரின் வெளிப்புறத்தைத் துடைத்து முற்றிலும் உலரவிட்டு, அடியில் வெள்ளைத்தாள் ஒன்றை விரிப்பது பயன் தரும். பெட்ரோல் விரைவில் ஆவியாகிவிடுவதால் பழைய கசிவு ஈரமாகத் தெரியாது. அது உலர்ந்த இடத்தில் பழுப்பு நிறப் படிவு எஞ்சியிருக்கும். அப்படிவு தொடங்கும் மிக உயரமான புள்ளியே தேடலைத் தொடங்க வேண்டிய இடம். வெளிச்சத்துக்குத் தீப்பெட்டியோ வெறும் மின்குமிழோ பயன்படுத்தக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை எனினும், விபத்துகள் இவ்வாறே நிகழ்கின்றன.

மொரிஸ் மைனர், எம்.ஜி.பி. போன்ற கார்களில் பெட்ரோலை அனுப்புவது எஸ்.யூ. நிறுவனத்தின் மின் எக்கி ஆகும். சாவியைத் திருப்பியவுடன், எஞ்சினை இயக்காத நிலையிலேயே, இது 'டிக் டிக்' என்று ஒலித்துக் கலத்தை நிரப்பும். கலம் நிரம்பி ஊசி வால்வு மூடியதும் எதிரழுத்தத்தால் எக்கி தானாகவே நின்றுவிடும். எனவே இந்த ஒலி விலையில்லாத ஒரு சோதனைக் கருவி ஆகும். ஒலி நிற்காமல் சீராகத் தொடர்ந்தால் பெட்ரோல் எங்கோ வெளியேறிக் கொண்டிருக்கின்றது, அல்லது தொட்டியில் பெட்ரோல் இல்லை, அல்லது எக்கி காற்றை உறிஞ்சுகின்றது. தொட்டியில் பெட்ரோல் இருந்து, ஒலியும் தொடர்ந்து, கார்புரேட்டரில் ஈரமும் தோன்றினால் ஐயம் ஊசி வால்வின் மேல் விழுகின்றது.

எஞ்சினே இயக்கும் இயந்திர எக்கி உள்ள கார்களில் இச்சோதனை பயன்படாது. அவற்றில் கலம் நிரம்பி வழிவது எஞ்சின் ஓடும்போது மட்டுமே தெரியும். எக்கி எவ்வகையாயினும், எஞ்சின் நின்று பல மணி நேரம் ஆன பின்னும் சொட்டு நிற்கவில்லை என்றால் கலத்துக்குக் கீழ்ப்பட்ட இணைப்புகளில் பழுது இருக்கலாம். ஏனெனில், அப்போது கலத்தில் தேங்கிய பெட்ரோல் மட்டுமே புவியீர்ப்பால் இறங்கிக் கொண்டிருக்கும். அத்தகைய கசிவு கலம் காலியானதும் நின்றுவிடும். மறுநாள் காலையில் எக்கி நெடுநேரம் ஒலித்த பிறகே நிற்பது இதனோடு சேர்ந்து வரும் அறிகுறி.

மூன்றாவது வேளை ஒன்றும் உண்டு. நெடுந்தூரம் ஓடிய காரை வெயிலில் நிறுத்தியவுடன், காற்றோட்டம் நின்றுபோவதால் எஞ்சினின் வெப்பம் மேலெழுந்து கார்புரேட்டரைச் சூடாக்குகின்றது. கலத்திலுள்ள பெட்ரோல் கொதித்து, ஆவியாகவும் துளியாகவும் வெளியேறலாம். இங்கே பழுதுபட்ட வால்வு எதுவும் இல்லை. கார்புரேட்டருக்கும் புகைக்குழாய்க்கும் இடையில் இருக்க வேண்டிய வெப்பத்தடுப்புத் தகடு பழைய உரிமையாளர் ஒருவரால் கழற்றி எறியப்பட்டிருக்கின்றதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மிதவைக் கலம் நிரம்பி வழிதல்

எஸ்.யூ. கசிவுகளில் மிகப் பொதுவானது இதுவே. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இது 'ஓவர்ஃபுளோ' எனப்படுகின்றது. ஊசி வால்வு மூடாததால் கலம் நிரம்பி, மேல்மூடியில் உள்ள வழிவுக் குழாய் வழியாக வெளியேறும், அல்லது ஜெட்டின் வாய் வழியாகத் தொண்டைக்குள் வழியும். பின்னது நிகழ்ந்தால் காற்று வடிகட்டியும் நனைந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது கரும்புகை வரும், தீப்பொறிச் செருகிகள் கறுத்து நனைந்து காணப்படும். கார்புரேட்டரின் மேலுள்ள உறிஞ்சறையையும் பிஸ்டனையும் கழற்றிவிட்டு, சாவியைத் திருப்பி மேலிருந்து பார்த்தால் ஜெட்டின் வாயில் பெட்ரோல் தளும்பி வழிவதைக் கண்ணாலேயே காணலாம். பிஸ்டனைக் கழற்றி வைக்கும்போது அளவூசி வளையாதவாறு கவனிக்க வேண்டும்.

வால்வு மூடாமைக்கு முதற்காரணம் தூசு. பழைய பெட்ரோல் தொட்டியின் துருத்துகள் ஒன்று ஊசிக்கும் அமர்விடத்துக்கும் இடையில் சிக்கினால் போதும். திருப்புளியின் மரப்பிடியால் கலத்தின் மூடியை மெல்லத் தட்டும்போது வழிவது நின்றால், சிக்கிய தூசோ ஒட்டிக்கொண்ட ஊசியோ காரணம் என்று கொள்ளலாம். தட்டியதால் நின்றது சரியாகிவிட்டது என்று பொருள்படாது. மூடியைத் திறந்து கழுவாவிட்டால், அடுத்த மேட்டில் அல்லது அடுத்த நாள் அது மீண்டும் வரும். கலத்தின் அடியில் சிவந்த வண்டல் படிந்திருந்தால் தூசின் பிறப்பிடம் தொட்டியே ஆகும். அப்போது எக்கிக்குப் பின்னர் ஒரு வடிகட்டி பொருத்தாமல் வேறு பழுதுபார்ப்பு நிலைக்காது.

இரண்டாவது காரணம் தேய்மானம். எஞ்சினின் அதிர்வில் ஊசி இடைவிடாமல் அமர்விடத்தைத் தட்டிக் கொண்டிருப்பதால், அதன் கூம்பு முனையைச் சுற்றி மெல்லிய வரிப்பள்ளம் ஒன்று விழுகின்றது. விரல் நகத்தால் வருடினால் அது தட்டுப்படும். பள்ளம் விழுந்த ஊசியை மெருகேற்றிப் பயன்படுத்துவதில் பயனில்லை. ஊசியையும் அமர்விடத்தையும் இணையாகவே மாற்ற வேண்டும். மாற்றுறுப்புகளில் முனையில் செயற்கை ரப்பர் பூசப்பட்டவையும் உள்ளன. இவை நுண்தூசு இருந்தாலும் ஓரளவு மூடிக்கொள்ளும். புதிய வால்வைப் பொருத்தியதும், மூடியைக் கவிழ்த்துப் பிடித்து மிதவையின் எடையே ஊசியை அழுத்துமாறு விட்டு, பெட்ரோல் நுழையும் குழாயில் வாயால் ஊதினால் காற்று செல்லக்கூடாது. மிதவையை விரலால் தூக்கியதும் காற்று தடையின்றிச் செல்ல வேண்டும்.

மூன்றாவது காரணம் மிதவையே மூழ்கிப்போதல். பழைய மிதவைகள் மெல்லிய பித்தளைத் தகட்டால் ஆனவை, பின்வந்தவை நைலானால் ஆனவை. இரண்டிலும் இணைப்பு விலகினால் பெட்ரோல் உள்ளே புகும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே திரவம் அலம்பும் ஒலி கேட்கும். ஐயம் தீராவிட்டால் பித்தளை மிதவையை வெந்நீரில் அமிழ்த்தலாம். உள்ளே உள்ள காற்று விரிந்து ஓட்டையின் வழியே குமிழியாக வெளிவரும். ஓட்டையை ஈயப்பற்று வைத்து அடைக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் பற்றின் எடையால் மிதவை முன்னைவிட ஆழமாக அமிழ்ந்து, பெட்ரோல் மட்டம் உயர்ந்துவிடும். உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும் மிதவையைச் சூடான பற்றுக்கோலால் தொடுவதும் ஆபத்தானது. புதிய மிதவை வாங்குவதே மேல்.

ஊசியும் மிதவையும் நன்றாக இருந்தும் வழிந்தால் மிதவையின் உயரத்தை அளக்க வேண்டும். நைலான் மிதவை கொண்ட எச்.எஸ். வகையில், மூடியைக் கவிழ்த்து ஊசி முழுதும் அமர்ந்த நிலையில், மிதவைக்கும் மூடியின் விளிம்புக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது வழக்கமான அளவாகும். இடைவெளி கூடினால் வால்வு முன்னதாகவே மூடி மட்டம் இறங்கும், குறைந்தால் மட்டம் ஏறும். உலோகக் கை உள்ள மிதவையில் கையைச் சிறிது வளைத்தும், முழுவதும் நைலானான மிதவையில் அமர்விடத்தின் அடியில் வாஷர் சேர்த்தும் இதைச் சரிசெய்வர். கலம் செங்குத்தாக நிற்க வேண்டியதும் இன்றியமையாதது. எச்.எஸ். வகையில் கலம் கார்புரேட்டரின் உடலோடு ஒரு போல்ட்டால் இணைக்கப்பட்டுள்ளது. கார்புரேட்டர் சாய்த்துப் பொருத்தப்படும் கோணம் காருக்குக் கார் வேறுபடுவதால், இடையிலுள்ள இணைப்பியும் வேறுபடும். வேறொரு காரின் இணைப்பியைப் பொருத்தினால் கலம் சாய்ந்து, எல்லா உறுப்புகளும் சரியாக இருந்தும் ஜெட்டில் மட்டம் மாறிவிடும்.

கடைசியாக எக்கியின் அழுத்தம். எஸ்.யூ. கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு அளவிலான அழுத்தமே போதுமானது. பழைய எக்கி நின்றுபோனதும், எரிபொருளை நேரடியாக உட்செலுத்தும் நவீன எஞ்சின்களுக்கான எக்கியை வாங்கிப் பொருத்துவோர் உளர். அது இதைப்போலப் பன்மடங்கு அழுத்தம் தருவது. மிதவையின் சிறிய உந்துவிசையால் அந்த அழுத்தத்தை எதிர்த்து வால்வை மூடிவைக்க இயலாது. எத்தனை புதிய ஊசிகள் மாற்றினாலும் கலம் வழிந்து கொண்டே இருக்கும்.

எம்.ஜி.பி. போன்று இரட்டைக் கார்புரேட்டர் உள்ள கார்களில் எளிய சோதனை ஒன்று உண்டு. வழியும் கலத்தின் ஊசி வால்வை வழியாத கலத்தின் வால்வோடு இடம் மாற்ற வேண்டும். கசிவும் கூடவே இடம் மாறினால் வால்வு பழுது. பழைய இடத்திலேயே இருந்தால் மிதவையையோ மட்டத்தையோ பார்க்க வேண்டும். இரண்டு கலங்களும் ஒரே நேரத்தில் வழிந்தால் எக்கியையும் தூசையும் ஐயுறலாம்.

மெர்லின் எஞ்சினில் இதே சிக்கல்

மிதவைக் கலம் நிரம்பி வழிதல் ஒருமுறை போர்க்களத்தையே பாதித்தது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களை இயக்கிய ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சினிலும் எஸ்.யூ. நிறுவனத்தின் மிதவைவகைக் கார்புரேட்டரே இருந்தது. விமானி திடீரென மூக்கைத் தாழ்த்திப் பாயும்போது, கலத்திலுள்ள பெட்ரோல் மேற்புறத்துக்கு எறியப்பட்டு எஞ்சின் ஒரு கணம் பசித்து இருமும். அதைத் தொடர்ந்து, மிதவை தலைகீழாகச் செயற்பட்டு வால்வைத் திறந்துவிடுவதால் கலம் முழுவதும் நிரம்பி, எஞ்சின் மிகுபெட்ரோலால் திணறும். எதிரணியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் எஞ்சினில் பெட்ரோல் நேரடியாக உட்செலுத்தப்பட்டதால் அதற்கு இத்தொல்லை இல்லை. 1940 இல் ஜெர்மன் விமானிகள் இவ்வாறு பாய்ந்து தப்பிச் செல்ல முடிந்தது.

ஃபார்ன்பரோவில் இருந்த அரச விமான ஆய்வு நிலையத்தின் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் 1941 இல் இதற்கு ஒரு தற்காலிகத் தீர்வு கண்டார். எஞ்சின் முழுவேகத்தில் குடிக்கக்கூடிய அளவு பெட்ரோலுக்கு மேல் உள்ளே நுழையாதவாறு தடுக்கும் துளையிட்ட சிறு உலோகத் துண்டே அது. வால்வு திறந்தே கிடந்தாலும் கலம் வழியாது. மோட்டார் சைக்கிள் பந்தய வீராங்கனையுமான ஷில்லிங் தம் குழுவினருடன் விமானத் தளங்களுக்கு நேரில் சென்று இவற்றைப் பொருத்தினார்.

ஜெட்டின் அடியில் ஒழுகுதல்

கார்புரேட்டரின் கீழ்ப்புறம், கலவையைச் சரிசெய்யும் நட்டின் அருகே சொட்டும் பெட்ரோல்தான் பழுதுபார்ப்போரை அதிகம் ஏமாற்றுவது. இதற்கு என்ன பொருள் என்பது கார்புரேட்டரின் வகையைப் பொறுத்தது.

போருக்கு முன்னரே வந்த எச். வகையில், பெட்ரோல் ஜெட்டைச் சுற்றியுள்ள அறைக்குள் வந்து, ஜெட்டின் பக்கத் துளைகள் வழியாக உள்ளே செல்லும். அந்த அறையிலிருந்து பெட்ரோல் கீழிறங்காமல் தடுப்பவை தக்கையால் ஆன வளையங்கள். தக்கை உலர்ந்து சுருங்கினால் அடியில் ஒழுகும். நெடுநாள் ஓடாமல் நின்ற கார்களில் இது மிகுதி. புதிய தக்கை வளையங்களை எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்துவர். இவ்வேலையில் ஜெட்டைக் கழற்ற நேர்வதால், பின்னர் அதை அளவூசிக்கு நேர் நடுவே மீண்டும் அமர்த்த வேண்டும். இல்லையெனில் பிஸ்டன் உரசி நிற்கும். பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்ற தெளிந்த ஒலியுடன் விழுவது சரியான நடுவமைப்பின் அடையாளம்.

1950களின் இறுதியில் வந்த எச்.எஸ். வகையில் இந்தத் தக்கைகள் நீக்கப்பட்டன. கலத்திலிருந்து ஒரு மெல்லிய நைலான் குழாய் பெட்ரோலை நேராக ஜெட்டின் உள்ளேயே கொண்டு சேர்க்கின்றது. ஜெட்டின் வெளிப்புறத்துக்கும் அது நகரும் புழைக்கும் இடையில் அடைப்பு எதுவும் இல்லை, இருக்கத் தேவையும் இல்லை. ஆனால் கலத்தின் மட்டம் உயர்ந்து ஜெட்டின் வாயில் பெட்ரோல் வழிந்தால், அது ஜெட்டின் வெளிச்சுவரை ஒட்டிக் கீழிறங்கி நட்டின் அடியில் சொட்டும். பார்ப்பதற்கு அடியில் ஏதோ வாஷர் போய்விட்டது போலிருக்கும். அங்கே மாற்ற வாஷர் ஏதும் இல்லை. பழுது மேலே, மிதவைக் கலத்தின் மூடிக்குள் இருக்கின்றது.

நைலான் குழாயிலேயே பழுது இருந்தால் அடையாளம் வேறு. குழாய் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி, மஞ்சளித்து வெடிப்பு காணும். சோக்கை இழுக்கும்போது ஜெட் கீழிறங்குவதால் குழாய் வளைகின்றது. அப்போது மட்டும் சொட்டி, சோக்கைத் தள்ளியதும் நிற்கும் கசிவுக்குக் குழாயே காரணம் எனத் துணியலாம். ஜெட்டோடு அது பிரிக்க முடியாதவாறு இணைந்திருப்பதால், வெடித்தால் ஜெட் தொகுதியை முழுமையாக மாற்ற வேண்டும். குழாயின் மறுமுனை கலத்தின் அடியில் ஒரு நட்டு, வாஷர், சிறிய ரப்பர் வளையம் ஆகியவற்றால் இறுக்கப்படுகின்றது. குழாயின் நுனி ரப்பர் வளையத்தைத் தாண்டிச் சிறிது நீண்டிருக்க வேண்டும். நுனி உள்ளடங்கியிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் அடைப்பு கிட்டாது, கூடுதலாக இறுக்கினால் ரப்பர் நசுங்கிக் கிழியும்.

எச்.டி. வகையில் ஜெட்டின் அடியில் ரப்பர் சவ்வு ஒன்று உள்ளது. அது நைந்தால் அடியில் ஒழுகும், சவ்வை மாற்றுவதே தீர்வு. 1970களின் தொடக்கத்தில் எம்.ஜி.பி. காருக்கு வந்த எச்.ஐ.எஃப். வகையில் மிதவைக் கலம் பக்கத்தில் இல்லாமல் கார்புரேட்டரின் உடலுக்குள்ளேயே, ஜெட்டைச் சூழ்ந்து அமைந்துள்ளது. ஆகவே அதன் அடிமூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் பழுதானால் கலமே அடியில் ஒழுகும். குழாய்க் கசிவு இவ்வகையில் இல்லை.

இவை தவிர, மூடியின் கேஸ்கட், பெட்ரோல் குழாயின் ரப்பர் இணைப்பு, அதன் கிளிப் ஆகியவற்றிலும் கசியலாம். இவை கண்ணுக்கு நேரே தெரிபவை. மூடியின் திருகுகளை அளவுக்கு மீறி இறுக்கினால் மூடி வளைந்து, நிறுத்த முயன்ற கசிவையே அது பெரிதாக்கும்.

எரிபொருளின் மாற்றம்

பழைய உறுப்புகள் அக்காலப் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. பிரித்தானியாவில் 2021 செப்டம்பர் முதல் வழக்கமான பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகின்றது. இந்தியாவில் இக்கலப்பு 20 விழுக்காட்டை எட்டியுள்ளது. எத்தனால் பழைய வகை ரப்பரை ஊதச் செய்து பின்னர் இறுகி வெடிக்கவும் வைக்கின்றது. தொட்டியின் சுவரில் பல்லாண்டுகளாக ஒட்டியிருந்த படிவுகளையும் அது கரைத்து உதிர்ப்பதால், ஊசி வால்வில் தூசு சிக்குவதும் கூடுகின்றது. ஈரத்தை ஈர்க்கும் தன்மையால் நெடுநாள் நிற்கும் காரின் கலத்தினுள் அரிப்பும் ஏற்படலாம். எத்தனாலைத் தாங்கும் ரப்பர் வளையங்களும், உள்ளீடற்ற கூடாக இல்லாமல் முழுத்திண்மமாகச் செய்யப்பட்டு மூழ்காத மிதவைகளும் இப்போது கிடைக்கின்றன. எஸ்.யூ. கார்புரேட்டர்களையும் அவற்றின் உதிரிப்பாகங்களையும் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் உள்ள பர்லன் நிறுவனம் தயாரித்து வருகின்றது.

எரிபொருள் மாறினால் மட்டமும் மாறும் என்பதற்கு யாழ்ப்பாணம் ஓர் எடுத்துக்காட்டு. 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காதபோது, அங்கு பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. சில துளி பெட்ரோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவர். மண்ணெண்ணெய் பெட்ரோலைவிட அடர்த்தி மிக்கது. ஆதலால் மிதவை கூடுதலாக மேலெழுந்து, வால்வு சற்று முன்னதாகவே மூடிக்கொள்ளும். எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாமல் எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்வது இம்முறையின் பெருங்குறை.

பழுதுபார்த்த பின்னர்

மட்டம் மாறியிருந்தால் காற்று-பெட்ரோல் கலவை விகிதமும் மாறியிருக்கும். வழிந்து கொண்டிருந்த கார்புரேட்டரில், மிகுபெட்ரோலை ஈடுசெய்ய யாரேனும் நட்டைத் திருகி ஜெட்டை மேலேற்றி வைத்திருப்பது உண்டு. கசிவு நின்றதும் அதே அமைப்பில் எஞ்சின் பெட்ரோல் போதாமல் திணறும். எனவே கசிவை நிறுத்திய பிறகே கலவையைச் சரிசெய்ய வேண்டும். எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னர், சாவியை மட்டும் திருப்பி எக்கியின் ஒலி நிற்கும்வரை காத்திருந்து, சில நிமிடங்கள் கழித்து அடியில் விரித்த தாளைப் பார்ப்பது வழக்கம். தாளில் ஈரமோ கறையோ இல்லை என்றால், பெட்ரோலில் நனைந்த துணிகளை அப்புறப்படுத்தி, எஞ்சின் அறையில் ஆவி கலையும்வரை மூடியைத் திறந்து வைத்த பின்னர் எஞ்சினை இயக்கலாம்.